உதவி இடமும் இரவல் நாற்காலியும்

கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து இருபது வருடமாக ஊராருடைய காகிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், குடும்பப் பட்டியல் எல்லாம் பர்மியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும். பக்கக் கூலி. இப்போது ஊரே எங்கேயாவது கிளம்பிக்கொண்டிருப்பதால் காகிதத்துக்குக் குறைவில்லை. கூலி மட்டும் எங்கேயும் கிளம்பாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மனு எழுதித் தரச் சொல்லியும் வருவார்கள். நான் எழுதிய மனு திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நானே பரப்பினேன் என்பது உண்மைதான், ஆனால் பொய்யில்லை.

அப்படிப்பட்டவன் என் சொந்த மகளுக்காக எழுதிய மனுவை எப்படிக் கெடுத்துக்கொண்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பேச்சு குறைவு. ஒரு நாளைக்கு ஐந்தாறு சொல் செலவழிப்பாள், அதுவும் அவசியம் என்றால்தான். வீட்டில் மிச்சமிருக்கிற எல்லாச் சொல்லையும் நான் எடுத்துக்கொள்வதால் மொத்தத்தில் சரியாகிவிடும். அவளுக்கு ஒரு கொள்கை உண்டு: எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். உப்பு ஜாடி அடுப்பின் வலது பக்கம். என் மூக்குக்கண்ணாடி ஜன்னல் கட்டையில். நான் அதைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாலும் மூக்கிலிருந்து மெதுவாகக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவாள். நானும் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து பழகிவிட்டேன்.

சாதாரணப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கொள்கை செல்லுபடியாகவில்லை. அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. பிள்ளைகள் தோள்பைகளைக் கண்ட இடத்தில் போடுவார்கள். இவள் எழுந்து போய் எல்லாவற்றையும் அளவுவாரியாக அடுக்குவாள். தடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு வருடம் பொறுத்த ஆசிரியை, ரொம்ப மரியாதையாக, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் மனைவி தையல் ஆலையில் சட்டைப் பொத்தான் சரிபார்க்கிற வேலையை விட்டுவிட்டு மகளோடு வீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே மிங்கலா தாங்ஞுன்ட்டில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு பள்ளி இருக்கிறது. வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகள். முழுக் கட்டணம் எங்கள் கைக்கு எட்டாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் சில பிள்ளைகளின் செலவை டவுன்ஷிப் உதவிக் குழு ஏற்றுக்கொள்ளும். உதவி இடம் என்று பெயர். தலைமை ஆசிரியையை நாங்களும் பிள்ளைகளைப் போலவே ஸயாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"இந்த வருசம் ரெண்டு இடம்தான். ஆரம்ப வகுப்புல பத்து வயசு வரைக்கும்தான் சேத்துக்குவோம். அடுத்த வருசம் இவளுக்கு வயசு தாண்டிரும். இப்ப விட்டா விட்டதுதான்."

அந்தப் பேச்சு நடந்தது பர்மியத்தில். இதில் வருகிற பேச்சு பாதி அப்படித்தான். நான் தமிழில் தருகிறேன். இதற்குப் பக்கக் கூலி யாரும் தரப்போவதில்லை.

"மனு குடுங்க, குழுத் தலைவர் வீட்டுக்கு வந்து பாப்பார். பாத்துட்டு அவர் எழுதுறதுதான்" என்று முடித்தார் ஸயாமா.

என் மனைவி வெளியே வந்ததும் சொன்னாள். "மனுவ எழுதிக் குடுத்துட்டு வாய மூடிட்டு இருங்க. ஒண்ணும் செய்யாதீங்க. கேக்குதா? ஒண்ணும் செய்யக்கூடாது."

பத்தொன்பது வருடக் குடும்ப அனுபவத்தில் சொன்ன சொல் அது.

ஆனால் பர்மாக்காரர்களிடம் ஆனாடே என்று ஒன்று உண்டு. அடுத்தவரைச் சிரமப்படுத்துகிறோமே என்று உள்ளே பிசைகிற கூச்சம். வீட்டில் நெருப்புப் பிடித்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் மத்தியானம் தூங்குகிறாரே என்று கதவைத் தட்டத் தயங்குவது. சங்கோசம் என்று மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் சங்கோசம் தமிழனைப் பேசாமல் உட்காரவைக்கும். ஆனாடே பர்மாக்காரனைச் செலவு செய்யவைக்கும். நான் இரண்டிலும் பாதிப் பாதி என்பதால் பேசாமல் உட்கார்ந்துகொண்டே செலவு செய்வேன்.

வெறுங்கையோடு போய் ஓர் இடம் கேட்பதா என்று எனக்குள் பிசைய ஆரம்பித்தது. அடுத்த வாரம் மகளின் பிறந்தநாள். பிறந்தநாளுக்கு மடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஒருவேளைச் சாப்பாடு போடுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். பிள்ளைகள் வயிறார உண்பார்கள், நல்லது நடந்தது என்று வாழ்த்துகிற 'தாது' என்ற சொல்லை மூன்று முறை எல்லோருமாகச் சொல்வார்கள், புண்ணியம் சேரும். அந்தப் புண்ணியம் வருகிற வழியில் ஸயாமாவின் கண்ணில் பட்டால் அது என் குற்றமா?

கோழி டான்பாவ் போட்டேன். ஐம்பது பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும் காவல்காரருக்கும். அந்தப் பிரியாணி வாசனையில் நான் ஒரு சுற்று உயர்ந்துபோனேன். பள்ளியில் கொடையாளர்களுக்கென்று ஒரு சுவர் உண்டு. அன்று எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு அதில் மாட்டினார்கள். போட்டோவில் புது லோன்ஜி கட்டி, மீசையை முறுக்கி, ஒரு சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஏதோ அரிசி ஆலைக்குச் சொந்தக்காரன் போல நிற்கிறேன். மகள் பக்கத்தில் நிற்கிறாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கிறாள். அது எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

மனைவி போட்டோவை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். எங்கள் வீட்டில் அது பயப்பட வேண்டிய வாக்கியம்.

மறுநாளே மனுவைக் கொடுத்தேன். என் வருமானத்தையும் மனைவி வேலையை விட்டதையும் உருக்கமாக, ஆனால் அடக்கமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஸயாமா போன் செய்தார். குழுத் தலைவர் பள்ளிக்கு வந்திருக்கிறார். மனுக்களைப் பார்த்திருக்கிறார். டீ குடித்தபடி அப்படியே சுவரையும் பார்த்திருக்கிறார்.

"இந்த மீசக்காரர் யாருன்னு கேட்டாரு" என்றார் ஸயாமா.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கொடையாளின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? சுவத்துலயே எழுதியிருக்கே. அப்புறம்தான் மனுவுல இருக்க போட்டோவப் பாத்தாரு. அதுலயும் அதே மீச."

குழுவில் ஒரு விதி இருக்கிறதாம். பள்ளிக்குக் கொடை கொடுக்கிற குடும்பத்துக்கு உதவி இடம் கிடையாது. பணக்காரர்கள் ஒரு கட்டடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு உறவுக்காரப் பிள்ளைக்கு இலவச இடம் வாங்கிவிடக்கூடாது என்பதற்காகப் போட்டது. நல்ல விதி. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

"சனிக்கிழமை காலைல உங்க வீட்டுக்கு வராரு. நேர்ல பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்னு சொல்லிட்டாரு."

ஒரு கணம் எனக்குக் கெட்ட யோசனை ஒன்று வந்தது. எங்கள் ஆட்கள் பலரைப் போல எனக்கும் இரண்டு பெயர். சுவரில் இருப்பது பர்மியப் பெயர். மனுவில் இருப்பது தமிழ்ப் பெயர். சுவரில் இருப்பவர் என் அண்ணன் என்று சொல்லிவிட்டால் என்ன? மனைவியிடம் கேட்டேன்.

"தாராளமா சொல்லுங்க" என்றாள். "அப்படியே அந்த அண்ணன்கிட்டச் சொல்லி முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லுங்க."

சனிக்கிழமை வருகிறவர் எங்கள் கஷ்டத்தைப் பார்க்க வருகிறார். இதை நான் மறக்கவில்லை. மறக்காமலேயேதான் அடுத்த காரியத்தையும் செய்தேன்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில், முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. உட்காருவது பாயில். வருகிறவரோ வயதானவர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், ஸயாஜீ என்று கூப்பிட வேண்டியவர் என்று ஸயாமா சொல்லியிருந்தார். அவரைப் பாயிலா உட்காரவைப்பது? எதிர்வீட்டு அக்கா மிங்கலா மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இரண்டு பிரம்பு நாற்காலிகளைக் கேட்டேன்.

"எடுத்துக்க தம்பி" என்றார். "மின்விசிறி வேணாமா? பேட்டரில ஓடுறது. பத்து மணிக்குக் கரண்ட் முறை முடிஞ்சிருமே, அவரு வேர்த்து ஊத்த உக்காரணுமா?"

மின்விசிறியை எடுத்துக்கொண்டேன். அதன் மேலே சுவரில் ஒரு நல்ல கடிகாரம் தெரிந்தது. எங்கள் கடிகாரம் பல மாதமாக நாலேகாலில் நிற்கிறது. அதையும் வாங்கி வந்து முன்னறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டினேன்.

மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அவரு நம்ம கஷ்டத்தப் பாக்க வராரா, கண்காட்சி பாக்க வராரா?"

"அதுக்காகப் பெரிய மனுசனத் தரைல உக்கார வைக்கச் சொல்றியா?"

"உங்களுக்குப் புத்தி வராது" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அக்காவின் அரக்குத் தட்டு இருந்தது. ஊறவைத்த தேயிலையையும் வறுத்த பூண்டையும் எள்ளையும் தனித்தனி அறைகளில் வைத்து விருந்தாளிக்கு நீட்டுகிற தட்டு, மூடியில் தங்கக் கொடி ஓடுவது. நான் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள். "வீட்டுக்கு வரவங்களுக்கு லபெத்கூட வைக்காம எப்படி?"

மகள் அப்போது தூங்கியிருந்தாள். இதை நாங்கள் இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் பின்னறையில் அவளுக்குப் பிடித்த பொத்தான் டப்பாவைக் கொடுத்துக் கதவைச் சாத்தினோம். பத்தே காலுக்குத் தலைவர் மூன்று மாடி ஏறி வந்தார். நெடிய, ஒல்லியான மனிதர். கூடவே குறிப்பெழுத ஒரு பெண். இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஆளுக்கொரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியது. கடிகாரம் கம்பீரமாக டிக் டிக் என்றது.

"வீடு ரொம்ப அழகா இருக்கு" என்றார் தலைவர்.

"ஏதோ இருக்கு, ஸயாஜீ" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பின்னால் நினைத்துப் பார்த்திருக்கிறேன். வசதியுள்ளவன் அடக்கமாகச் சிரிக்கிற சிரிப்பு. எங்கிருந்து கற்றேன் என்று தெரியவில்லை.

"கரண்ட் இல்லாதப்பவும் காத்து வருதே."

"ஏதோ வருது."

"இந்தத் தட்டு பகான் வேலைப்பாடா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். குறிப்பெழுதும் பெண் எழுதினாள். ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒரு வரி. என் மகளின் இடம் அந்தப் பேனா முனையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாடே நாக்கின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

தலைவர் ஒரு கரண்டி லபெத் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்த இடத்துக்கு இன்சீன் பக்கத்திலேருந்துகூட ஒரு அம்மா மனுப் போட்டிருக்காங்க. அவ்வளவு தூரம், ஊரச் சுத்தி வர வட்ட ரயில்ல பிள்ளையத் தூக்கிட்டு வராங்க. நீங்களோ பள்ளிக்கூடத்துக்கே விருந்து போடறவங்க..."

பின்னறைக் கதவு திறந்தது.

மகள் வாசற்படியில் நின்று முன்னறையைப் பார்த்தாள். விருந்தாளிகளைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. அவள் பார்த்ததெல்லாம் பொருள்களை. முகம் ஒரு மாதிரி இறுகியது.

நேராக வந்தாள். தலைவர் இரண்டாவது கரண்டிக்குக் கை நீட்டிய நேரத்தில் அரக்குத் தட்டின் மூடியைப் போட்டாள், தட்டை எடுத்தாள், வெளியே நடந்தாள். எதிர்வீட்டிலிருந்து 'டக்' என்று சத்தம் வந்தது. திரும்பி வந்தாள். மின்விசிறியின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அது போகும்போதும் தலையைத் திருப்பித் திருப்பி எங்கள் எல்லோருக்கும் காற்றடித்துக்கொண்டே போயிற்று.

"ஏம்மா, இப்பவே எதுக்கும்மா?" எதிர்வீட்டு அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. அவருக்கு ரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது. மகளிடம் அவர் எப்போதும் பர்மியத்தில்தான் பேசுவார். "சாயங்காலம் தரேன்னுதானே உங்கப்பா வாங்கிட்டுப் போனாரு! அவங்க போகட்டும், இரு!"

குறிப்பெழுதும் பெண்ணின் பேனா நின்றது.

மகள் மூன்றாவது முறை வந்தாள். சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நின்று கையை நீட்டினாள். எட்டவில்லை. "அங்க" என்றாள். அன்றைய முதல் சொல். அதுவும் தமிழில்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். அவர் எழுந்து, நெடிய கையை நீட்டிக் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டு வந்தாள். வந்து, அவர் எழுந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில். "நாற்காலி எதிர்வீட்டோடது, ஸயாஜீ. எல்லாமே எதிர்வீட்டோடது. எது எங்க இருக்கணும்னு அவளுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியல."

தலைவர் நாற்காலியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மகள் மறுபக்கத்தைப் பிடித்தாள். டவுன்ஷிப் உதவிக் குழுவின் தலைவரும் உதவி கேட்கிற பிள்ளையுமாகப் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு முகப்பைக் கடந்து போவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். குறிப்பெழுதும் பெண் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அவர்களை அக்கா அங்கேயே உட்காரச் சொல்லி வற்புறுத்துவது கேட்டது. "லபெத்தும் இங்கதான் வந்துருச்சு, உக்காருங்க!"

ஆனால் அவர் திரும்பி வந்தார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகளும் அவருக்கு எதிரில் பாயின் மூலையில் உட்கார்ந்தாள். அது அவள் வழக்கமாக உட்காருகிற மூலை. முகம் தளர்ந்துவிட்டது.

"இப்பச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

மனைவி சொன்னாள். பொத்தான் வேலையை, தோள்பைகளை, இரண்டு வருடத்தை, பத்து வயதை. என் மனுவில் ஒரு பக்கம் பிடித்ததை நாலைந்து வாக்கியத்தில் முடித்தாள்.

"அந்த விருந்து?"

"வெறுங்கையோட கேக்க இவருக்கு ஆனாடே, ஸயாஜீ."

"அது எனக்குப் புரியுது" என்றார். "விருந்து போட்டுட்டு அந்த மாசம் நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"கஸூன் கீரை" என்றாள். சந்தையில் இருப்பதிலேயே மலிவான கீரை அது.

"அப்புறம்?"

"கஸூன் கீரைதான். ஒரு நாள் பூண்டு போட்டு, ஒரு நாள் போடாம."

தலைவர் குறிப்பெழுதும் பெண்ணின் பக்கம் திரும்பினார். "எழுதிக்கம்மா. கஸூன் கீரை." அவள் எழுதினாள்.

எழுந்திருக்கும்போது என்னிடம் சொன்னார்: "விதி கட்டடம் கட்டுறவங்களுக்காகப் போட்டது. ஒருவேளைச் சோத்துக்கு அது பொருந்தாதுன்னு நான் எழுதுவேன். மத்தவங்க ஒத்துக்கணும். ரெண்டு இடம் இருக்கு, இன்சீன் அம்மாவுக்கும் கேப்பேன். உறுதி சொல்ல மாட்டேன்." பிறகு, "ஒண்ணு மட்டும் கேக்கறேன். கூட்டம் முடியற வரைக்கும் யாருக்கும் எதுவும் தானம் பண்ணிடாதீங்க."

வாசலில் இருவருடைய செருப்புகளும் ஜோடி ஜோடியாக, படியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. எப்போது செய்தாள் என்று தெரியவில்லை. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

கடிதம் வர மூன்று வாரமாயிற்று. அதுவரை நான் கடையில் மற்றவர்களுடைய காகிதங்களைத் தப்புத் தப்பாக மொழிபெயர்த்தேன். ஒரு கல்யாணப் பத்திரத்தில் மாப்பிள்ளைக்கு ஒன்பது வயது போட்டுவிட்டேன். இடம் ஒரு வருடத்துக்கு வழங்கப்படுகிறது என்றிருந்தது கடிதத்தில். அடுத்த வருடம் மறுபடி வீட்டைப் பார்வையிடுவார்கள். கீழே, கையால் ஒரு வரி எழுதியிருந்தது: "அப்போது வீடு வழக்கம்போல் இருக்கட்டும்." இன்சீன் அம்மாவின் மகனுக்கும் கிடைத்தது என்று ஸயாமா சொன்னார். மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மகளின் பொத்தான் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். எங்கள் வீட்டில் எதுவும் தொலையாத ஒரே இடம் அது.

மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். முதல் வாரம் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது தோள்பை வழக்கத்தைவிடத் தடித்திருந்தது. உள்ளே கொடையாளர் சுவரில் மாட்டியிருந்த என் போட்டோ, சட்டத்தோடு. அவள் அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். எதிர்வீட்டுக் கடிகாரத்துக்காக நான் அடித்த ஆணி சுவரில் காலியாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி என்னை அதில் மாட்டினாள். இறங்கி நின்று பார்த்தாள். "இங்க" என்றாள்.

பதறிப்போய் ஸயாமாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். மறுபடியும் எனக்குள் பிசைய ஆரம்பித்திருந்தது. வேறொரு நல்ல சட்டம் வாங்கித் தரட்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் வாங்காதீங்க" என்றார் ஸயாமா அவசரமாக. "அது எங்க இருக்கணும்னு அவ முடிவு பண்ணிட்டா. ஆனா சுவத்துல ஓட்டை தெரியுதுன்னு கமிட்டி கேக்கும், திங்கக்கிழமை நீங்களே கொண்டாந்து மாட்டிடுங்க."

அதிலிருந்து இதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் மகள் என்னை வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஆணியில் மீசையை முறுக்கிக்கொண்டு, சோற்றுத் தட்டோடு, பாயில் உட்கார்ந்து கஸூன் கீரை சாப்பிடுகிற எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை என்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிறேன்.